வேப்: கடையில் வாங்குவதா, ஆன்லைனில் வாங்குவதா?

9 மார்ச் 2025

வேப், அதாவது மின் சிகரெட், அதற்கு ஊற்றும் லிக்விடைப் பற்றி லண்டன் குரோய்டனிலிருந்து ஒரு நண்பர் கேட்கிறார்: “அதே கம்பெனி, அதே ஃபிளேவர், அதே 10 மி.லி. பாட்டில். ஆன்லைனில் 2 பவுண்டு, தெருமுனைக் கடையில் 4 பவுண்டு. கடைக்காரருக்கு எதற்குத் தண்டம் அழ வேண்டும்?”

பாட்டில் கணக்கு மட்டும் என்றால் நண்பர் சொல்வதில் மறுக்க எதுவும் இல்லை. ஆனால் கேள்வியில் ஒரு விவரம் விடுபட்டிருக்கிறது. நீங்கள் சிகரெட்டை விட்டு எவ்வளவு காலம் ஆகிறது? வருடம் ஓடிவிட்டது, எந்த லிக்விட், எந்த காயில் (லிக்விடைச் சூடாக்கும் கம்பிச்சுருள்), ஒரு மி.லி.யில் எத்தனை மி.கி. நிக்கோட்டின் என்பதெல்லாம் அத்துப்படி என்றால் ஆன்லைனில் வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். இன்னும் சட்டைப் பையில் சிகரெட் பாக்கெட் இருக்கிறது, இப்போதுதான் மாறப் பார்க்கிறீர்கள் என்றால் கடைக்குப் போங்கள். அந்த 2 பவுண்டைக் கொடுங்கள்.

நான் முதலில் போனது ஈஸ்ட் ஹாம் பக்கம் ஒரு சின்னக் கடை. கவுண்டரில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். எந்த மெஷின் வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. “ஒரு நாளைக்கு எத்தினை பத்துவீர்?” என்றார். சொன்னேன். “காலமை எழும்பி எவ்வளவு நேரத்தில முதல் சிகரெட்?” என்றார். பல் தேய்ப்பதற்கு முன்பே என்றேன். 20 மி.கி. நிக் சால்ட் (நிக்கோட்டின் உப்பு கலந்த லிக்விட்) பாட்டிலை எடுத்து வைத்தார். என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையின், புகைப்பதை நிறுத்த உதவும் கிளினிக்கிலும் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள். கண் விழித்த அரை மணிக்குள் பற்ற வைப்பவருக்கு நிக்கோட்டின் பிடி பலமாக இருக்கும், குறைந்த அளவில் ஆரம்பித்தால் தாங்காது. ஒரு வெப்சைட் உங்களிடம் கேட்பது பிறந்த தேதியையும் கார்டு நம்பரையும்தான்.

என் மச்சான் ஆன்லைனில் வாங்கினார். யூடியூபில் பார்த்துவிட்டுப் பெரிய புகை விடும் மெஷின், 0.2 ஓம் காயில் (ஓம் என்பது மின்தடை, எண் குறைந்தால் புகை அதிகம்), 3 மி.கி. லிக்விட். சாதனத்தில் குறையே கிடையாது, விலையும் சல்லிசு. ஆனால் அது நேராக நெஞ்சுக்குள் இழுக்கிற வகை. சிகரெட் பிடிப்பவர் முதலில் வாயில் இழுத்துத்தான் பழக்கம். இரண்டு இழுப்பில் இருமி, டிராயரில் போட்டுவிட்டு, பழையபடி சிகரெட். ஒரு பாக்கெட் இங்கே 16 பவுண்டைத் தாண்டிவிட்டது. கடையில் கூடுதலாகப் போகும் 2 பவுண்டை எதோடு ஒப்பிட வேண்டும் என்பது அதிலேயே தெரியும்.

9 மார்ச், இரவு

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிகரெட் பிடிக்காதவர் யாரும் இந்தப் பக்கம் வர வேண்டாம். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு விற்பது இங்கே குற்றம், அது நல்ல சட்டம். இது முழுக்க, புகைக்கிற ஒரு பெரியவர் அதிலிருந்து வெளியே வருவதற்காக எழுதுவது. நான் கடை நடத்துபவனும் இல்லை, யாரிடமும் கமிஷன் வாங்குபவனும் இல்லை.

11 மார்ச்

“வாங்கி இரண்டே நாளில் கருகிய வாடை வருகிறது, ஆன்லைனில் டூப்ளிகேட் அனுப்பிவிட்டார்கள்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். டூப்ளிகேட்டாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. காயிலுக்குள் இருக்கும் பஞ்சு ஊறுவதற்கு முன் இழுத்திருப்பீர்கள்.

கடைக்கார அண்ணன் செய்து காட்டியதைச் சொல்கிறேன். புது காயிலைப் பிரித்து விரல்களுக்கு நடுவில் பிடித்தார். பக்கவாட்டில் சின்னச் சின்ன ஓட்டைகள், உள்ளே வெள்ளைப் பஞ்சு. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு சொட்டு விட்டார். பஞ்சு வெள்ளை மாறி, கண்ணாடி மாதிரி ஆனது. அப்புறம் பாடில், அதாவது லிக்விட் நிரப்பும் சின்ன டப்பாவில், பொருத்தி, லிக்விடை நிரப்பி, மூடி, மேசையில் வைத்துவிட்டு, “உடன இழுக்காதையும் தம்பி, பஞ்சு ஊறட்டும்” என்று வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். பத்து நிமிடம் கழித்துத்தான் கையில் கொடுத்தார்.

இது பெட்டிக்குள் இருக்கும் தாளிலும் பொடி எழுத்தில் போட்டிருக்கும். யார் படிக்கிறார்கள்? உலர்ந்த பஞ்சு ஒரு தடவை கருகினால் அந்த காயில் முடிந்தது. எத்தனை நிரப்பினாலும் கருகல் வாடை போகாது. புதிதாக மாறுபவருக்கு இது தெரியாது. வேப் என்றாலே இப்படித்தான் போல என்று நினைத்துச் சிகரெட்டுக்குத் திரும்பிவிடுவார். இப்படித் திரும்பியவர்கள் எனக்குத் தெரிந்தே பலர்.

லிக்விடின் கெட்டித்தன்மையும் இதோடு சேர்ந்ததுதான். பாட்டிலில் 50/50, 70/30 என்று போட்டிருக்கும். அது வி.ஜி. (வெஜிடபிள் கிளிசரின்), பி.ஜி. (புரொபிலீன் கிளைகால்) என்ற இரண்டு திரவங்களின் விகிதம். வி.ஜி. அதிகமானால் கொழகொழவென்று இருக்கும். 70 வி.ஜி. லிக்விடைச் சின்ன பாடில் ஊற்றினால் பஞ்சுக்குள் சீக்கிரம் இறங்காது, மறுபடியும் கருகல். சின்ன பாட், 0.8 ஓம் அல்லது 1.2 ஓம் காயில் என்றால் 50/50 வாங்குங்கள். பெரிய டேங்க், குறைந்த ஓம் என்றால் 70/30.

16 மார்ச்

“எங்க ஏரியா கடைக்காரருக்கு ஒன்றும் தெரியாது, மொபைல் கவரும் விற்கிறார், வேப்பும் விற்கிறார், அவர் என்ன கேள்வி கேட்கப் போகிறார்?” என்று ஈலிங்கிலிருந்து ஒரு சகோதரி. நியாயமான கேள்வி. நான் கடை என்று சொன்னது வேப் மட்டும் விற்கும் கடையை. போன் ரிப்பேர், மிட்டாய், சிம் கார்டு, நடுவில் கலர் கலராக வேப் என்று இருக்கும் கடைக்கு அந்த 2 பவுண்டைத் தூக்கிக் கொடுக்கக் காரணமே இல்லை.

அது மட்டும் இல்லை. அங்கேதான் சட்டத்துக்குப் புறம்பான சரக்கும் அதிகம் கண்ணில் படுகிறது. ஒருமுறை ஒரு கடையில் பேட்டரிக்காக நுழைந்தேன். கண்ணாடி அலமாரியில் சட்டம் அனுமதிக்கும் 2 மி.லி. சரக்கு இருந்தது. “இதைவிட லாபமானது இருக்கிறது” என்று கவுண்டருக்குக் கீழேயிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். உள்ளே 12 மி.லி. நிரப்பிய ஒற்றை வேப். வெளியே ஒரு எச்சரிக்கை வாசகம்கூட இல்லை. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

பிரிட்டனில் 2016 விதிகள்படி நிக்கோட்டின் ஒரு மி.லி.க்கு 20 மி.கி.யைத் தாண்டக் கூடாது. நிக்கோட்டின் கலந்த பாட்டில் 10 மி.லி.க்கு மேல் கூடாது. டேங்கோ பாடோ 2 மி.லி.க்கு மேல் கொள்ளக் கூடாது. குழந்தை திறக்க முடியாத மூடி இருக்க வேண்டும். நிக்கோட்டின் கடுமையாக அடிமைப்படுத்தும் பொருள் என்ற வாசகம் பெட்டியின் முன்னும் பின்னும் 30 சதவீதம் இடத்தில் இருக்க வேண்டும். விட்டமின், காஃபீன், சாயம் எதுவும் சேர்க்கக் கூடாது. நிக்கோட்டின் உள்ள எந்தச் சரக்கையும் விற்பனைக்குக் கொண்டுவரும் முன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எம்.எச்.ஆர்.ஏ.விடம் பதிய வேண்டும். அந்தப் பட்டியல் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. கையில் இருக்கும் பாட்டிலின் பெயரைத் தட்டிப் பாருங்கள்.

விட்டமின் தடையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2019லிருந்து 2020 பிப்ரவரி வரை அமெரிக்காவில் வேப்பால் நுரையீரல் பாதித்து 2,800க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், 68 பேர் இறந்தார்கள். முக்கியக் காரணமாக வந்து நின்றது விட்டமின் ஈ அசிடேட். பெரும்பாலும் கஞ்சாச் சத்து நிரப்பி, தெரிந்தவர் மூலமும் தெருவிலும் கைமாறிய கார்ட்ரிட்ஜில் இருந்தது.

ஆகவே, கடையா ஆன்லைனா என்று பார்ப்பதற்கு முன்னால் பதிவான சரக்கா என்று பாருங்கள். கடையிலும் கள்ளச் சரக்கு உண்டு, ஆன்லைனிலும் உண்டு. ஸ்னாப்சாட்டிலும் டெலிகிராமிலும் விற்பவர்களை ஆன்லைன் கடை என்று சொல்லவே கூடாது. பாத் பல்கலைக்கழகத்தினர் இங்கிலாந்துப் பள்ளிகளில் பறிமுதலான வேப்களைச் சோதித்து 2024ல் வெளியிட்டார்கள். ஆறில் ஒன்றில் ஸ்பைஸ் என்ற செயற்கைப் போதைப்பொருள் இருந்தது. வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் இதை அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.

17 மார்ச்

புகார் சொல்லலாமா என்று கேட்ட ஈலிங் சகோதரிக்கு: ஆமாம், அந்த மாதிரிக் கடையைப் பற்றிப் புகார் சொல்லலாம். கவுன்சிலின் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் பிரிவுதான் பார்க்கிறது. 

30 மார்ச்

“கடைக்காரர் பேச்சுத் துணை எல்லாம் மனப்பிராந்தி, நிக்கோட்டின்தான் வேலை செய்கிறது” என்று ஒருவர் கொஞ்சம் காரமாகவே எழுதியிருக்கிறார். அவருக்கு ஒரு ஆய்வைச் சொல்கிறேன், நம்ம கிழக்கு லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தார் நடத்தியது. 2019ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. 886 பேர். ஒரு பாதிக்கு நிக்கோட்டின் தரும் பேட்ச் (தோலில் ஒட்டுவது), கம் (மெல்லுவது) வகையறா. மறு பாதிக்கு நிரப்பிப் பயன்படுத்தும் வேப்பும் ஒரு பாட்டில் லிக்விடும். ஒரு வருடம் கழித்துச் சிகரெட் இல்லாமல் இருந்தவர்கள் வேப் பக்கம் 18 சதவீதம், மறுபக்கம் 9.9 சதவீதம்.

இந்த எண்ணைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதில் இருக்கும் இன்னொரு விஷயத்தைப் பாருங்கள். இரண்டு பக்கத்தாருக்கும் குறைந்தது நான்கு வாரம், வாராவாரம் ஒரு ஆள் எதிரில் உட்கார்ந்து பேசியிருக்கிறார். மெஷினை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். அடுத்த பாட்டில்களை அவரவருக்குப் பிடித்த ஃபிளேவரிலும் அளவிலும் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். தபாலில் பெட்டியை அனுப்பிவிட்டுக் கைகழுவவில்லை.

கடையைச் சொல்லும்போது நான் மனதில் வைத்திருப்பது இதைத்தான். கடைக்காரர் டாக்டர் கிடையாது. ஆனால் ஒரு வாரம் கழித்து நீங்கள் உள்ளே நுழையும்போது “தொண்டை இப்ப எப்பிடி?” என்று கேட்க ஒரு ஆள் இருக்கிறார்.

கடையும் வேண்டாம் என்பவர்கள் தங்கள் ஊர் புகை நிறுத்தச் சேவையைக் கேட்டுப் பாருங்கள். இங்கிலாந்தில் 2023 ஏப்ரலில் பத்து லட்சம் பேர் வரைக்கும் இலவச வேப் ஸ்டார்ட்டர் கிட் தருவதாக அரசு அறிவித்தது, கூடவே ஆலோசனையும். எல்லாக் கவுன்சிலிலும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும்.

6 ஏப்ரல்

அதே ஆய்வில் இன்னொன்று. வேப்பால் சிகரெட்டை விட்டவர்களில் 80 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் வேப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பேட்ச், கம் பக்கம் அது 9 சதவீதம்தான். இதை மறைத்துப் பேசுவது சரியில்லை. சிகரெட்டை விட்டது பெரிய விஷயம். அடுத்தது இதையும் விடுவது.

ஆனால் நம்ம விவாதத்துக்கு இது ஆன்லைன் பக்கம் ஒரு பலமான வாதம். செலவு வருடக்கணக்கில் ஓடப் போகிறது என்றால் பாட்டிலுக்கு 2 பவுண்டு என்பது சின்னத் தொகை இல்லை. வாரம் மூன்று பாட்டில் என்றால் வருடத்துக்கு 300 பவுண்டுக்கு மேல். குரோய்டன் நண்பர் இப்போது எழுதியிருக்கிறார், அவர் சிகரெட்டை விட்டு வெகுகாலம் ஆகிறதாம். அப்படியானால் அவருக்கு ஆன்லைன்தான், சந்தேகமே வேண்டாம்.

4 மே

ஆன்லைன் பக்கத்தை நான் சரியாகச் சொல்லவில்லை என்று வேல்ஸிலிருந்து ஒரு ஐயா குறைப்படுகிறார். அவர் ஊரிலிருந்து பக்கத்து வேப் கடைக்கு ஒரு மணி நேர டிரைவ். அப்படி இருப்பவருக்குக் கடையால் என்ன பயன்? ஆன்லைன்தான் வழி. ஆனால் வெறும் கிளிக்கோடு நிற்காதீர்கள். பிரிட்டனில் முகவரியும் போன் நம்பரும் இருக்கும் கடையாகப் பார்த்து, போன் போட்டு, “நான் இத்தனை பிடிக்கிறேன், என்ன அளவு வாங்கலாம்?” என்று கேளுங்கள். எடுத்துப் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள் என்றால் அங்கேயே வாங்குங்கள். பல ஆன்லைன் கடைகள் உண்மையில் எங்கோ ஒரு ஊரில் நிஜக் கடை வைத்திருப்பவர்கள் நடத்துவதுதான். வாயைத் திறந்து கேட்டால் அந்த உதவி கிடைக்கும்.

இன்னொரு சாதகம், சட்டம். ஆன்லைனில் வாங்கினால் மனம் மாறினாலும் 14 நாளுக்குள் திருப்பித் தர உரிமை உண்டு, 2013ல் வந்த விதி. கடையில் வாங்கியதற்கு அந்த உரிமை கிடையாது, கடைக்காரர் பெரிய மனது வைத்தால்தான். ஆனால் கவனியுங்கள், சுகாதாரக் காரணத்துக்காக முத்திரையிட்ட பொருளை உடைத்துவிட்டால் ஆன்லைனிலும் அந்த உரிமை போய்விடும். வாயில் வைக்கிற பொருள் ஆயிற்றே. எனக்கு ஒரு வெப்சைட் வேறு மாடல் காயிலை அனுப்பி, பாக்கெட்டைப் பிரித்துவிட்டேன் என்று பணம் தர மறுத்தது. அங்கே நான் விடவில்லை. இது மனம் மாறிய கேஸ் கிடையாது, கேட்ட பொருளையே அனுப்பவில்லை. அப்படி வந்தாலோ பழுதாக வந்தாலோ 2015 நுகர்வோர் சட்டப்படி 30 நாளுக்குள் முழுப் பணத்தையும் கேட்கலாம், கடையானாலும் ஆன்லைனானாலும். சட்டத்தின் பெயரை எழுதி ஒரு மெயில் போட்டதும் பணம் வந்தது.

பெட்டியைப் பிரிக்கும் முன் வெளியே இருக்கும் மாடல் பெயரையும் ஓம் எண்ணையும் பாருங்கள். ஒரே கம்பெனி காயில்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

18 மே

பேட்டரி. இதில் மட்டும் நான் அசைய மாட்டேன், முடிந்தவரை நேரில் வாங்குங்கள்.

உள்ளேயே பேட்டரி வைத்து வரும் சின்ன பாட் மெஷினுக்கு இந்தக் கவலை இல்லை. தனியாக 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல் போடும் மெஷின்களுக்குத்தான். கடைக்கார அண்ணன் ஒருநாள் என் மெஷினைத் திறந்து செல்லை வெளியே எடுத்தார். நேர்முனைப் பக்கம், மேல் உறையில் நகக்கண் அளவு கிழிசல். எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. அந்தச் செல்லில் மேலே நடுவில் இருக்கும் பொட்டு மட்டும்தான் நேர்முனை. சுற்றிலும் இருக்கும் உலோகம் முழுக்க எதிர்முனை. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு வளையமும் மெல்லிய பிளாஸ்டிக் உறையும்தான். உறை கிழிந்து உலோகம் உலோகத்தில் பட்டால் ஷார்ட் ஆகும், சூடேறும், தீப்பிடிக்கும். பழைய உறையைக் கத்தியால் கீறி உரித்து, புது உறையை மாட்டி, சூடான காற்றைக் காட்டினார். உறை சுருங்கிச் செல்லோடு ஒட்டிக்கொண்டது. காசு வாங்கவில்லை.

இதே வித்தையை ஏமாற்றுக்காரர்களும் செய்கிறார்கள். மட்டமான செல்லுக்கு நல்ல உறையை மாட்டி விற்பார்கள். ஆன்லைனில் 18650 செல்லுக்கு 9900 எம்.ஏ.எச். கொள்ளளவு என்று போட்டிருந்தால் பக்கத்தை மூடிவிடுங்கள். அந்த அளவுச் செல்லில் அவ்வளவு கொள்ளாது. சாம்சங் 25ஆர் என்ற நம்பகமான செல்லே 2500தான், ஆனால் 20 ஆம்பியர் தாங்கும். வேப்புக்கு அந்த ஆம்பியர்தான் முக்கியம். ஆன்லைனில்தான் வாங்க வேண்டும் என்றால் பேட்டரிக்கென்றே இருக்கும் கடையில் வாங்குங்கள். சட்டைப் பையில் சில்லறையோடும் சாவியோடும் செல்லைப் போடாதீர்கள். பிளாஸ்டிக் டப்பா கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

1 ஜூன் 2025

இன்றிலிருந்து, பிடித்துவிட்டுத் தூக்கி எறியும் டிஸ்போசபிள் வேப் பிரிட்டன் முழுக்கத் தடை, கடைக்கும் ஆன்லைனுக்கும் சேர்த்து. வைத்திருப்பது குற்றமில்லை, விற்பதுதான் குற்றம்.

நல்லதுதான் என்று நினைக்கிறேன். ஒரு லித்தியம் செல்லைச் சில நாள் பிடித்துவிட்டுக் குப்பையில் எறிவது என்ன நியாயம்? இனி விற்பவை சார்ஜ் செய்யக்கூடியதாக, நிரப்பக்கூடியதாக இருக்க வேண்டும், காயிலையோ பாடையோ தனியாக வாங்கி மாற்ற முடிய வேண்டும். நேற்று வரை டிஸ்போசபிள் விற்ற கம்பெனிகள் அதே நிறம், அதே பெயர், கீழே ஒரு சார்ஜ் ஓட்டையோடு புதுசு கொண்டுவந்திருக்கின்றன. அதை வாங்கிவிட்டு, காலியானதும் முழுசாகத் தூக்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாட் தனியாக விற்கிறதா என்று கடையில் கேளுங்கள். இல்லை என்றால் வாங்காதீர்கள்.

டிஸ்போசபிளிலிருந்து மாறுகிறவர்களுக்கும் என் பதில் அதேதான், முதல் தடவை கடைக்குப் போங்கள். இதுவரை காயிலையே பார்த்திராதவர்கள் அவர்கள்.

3 ஜூன்

வீட்டில் மிச்சம் இருக்கும் பழைய டிஸ்போசபிளைத் தயவுசெய்து கறுப்புப் பையில் போடாதீர்கள். குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். வேப் விற்கும் கடை பழைய வேப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று விதி இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுங்கள்.

20 ஜூலை

லீவு சீசன், ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்கு. இந்தியாவுக்கு வேப் கொண்டு போகாதீர்கள். அங்கே தடை செப்டம்பர் 2019ல் அவசரச் சட்டமாக வந்து, அந்த வருடமே முழுச் சட்டமானது. உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, ஆன்லைன் விற்பனை, விளம்பரம் எல்லாம் தடை. முதல் தடவைக்கு ஒரு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். மறுபடி மாட்டினால் மூன்று வருடம் வரை, ஐந்து லட்சம் வரை. “சென்னையில் கடையிலேயே கிடைக்கிறதே” என்று சொல்லாதீர்கள். கிடைப்பதெல்லாம் கள்ளச் சரக்கு. அதற்குள் என்ன இருக்கிறது என்று சோதிக்க அங்கே யாரும் இல்லை.

மூன்று வாரத்துக்கு என்ன செய்வது? கிளம்பும் முன் இங்கே மருந்துக் கடையில் பேசி பேட்சும் கம்மும் வாங்கிக்கொள்ளுங்கள். முக்கியமாக, ஊரில் பழைய நண்பர்களோடு டீக்கடையில் நிற்கும்போது யாராவது ஒரு சிகரெட்டை நீட்டுவார்கள். அந்த இடத்தில் பையில் ஒரு கம் இருப்பது பெரிய உதவி. எனக்கு உதவியது.

சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்களும் கவனம். அங்கே 2018 பிப்ரவரியிலிருந்து வைத்திருப்பதே குற்றம், இப்போது பிடியும் இறுகிக்கொண்டு வருகிறது.

தடை இல்லாத ஊருக்கு விமானத்தில் கொண்டுபோனால் கைப்பையில்தான் வைக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது.

27 ஜூலை

ஆன்லைனில் வாங்குவது பற்றி நியூ ஜெர்சியிலிருந்து கேட்கிறவருக்கு: உங்கள் நிலைமை வேறு. 2020 டிசம்பரில் கையெழுத்தான சட்டத்துக்குப் பிறகு அமெரிக்கத் தபால் துறை பொதுமக்களுக்கு வேப் கொண்டுவந்து கொடுப்பதில்லை. தனியார் கூரியரில் வந்தாலும் பெரியவர் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். உங்கள் மாநிலத்தில் ஃபிளேவர் வேப்பும் தடை. இங்கே நான் சொல்லும் 2 பவுண்டு கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

எங்கே வாங்கலாம் என்று கேட்ட மெல்பர்ன் அக்காவுக்கு: ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலையிலிருந்து மருந்துக் கடையில் மட்டும்தான். அக்டோபரிலிருந்து 20 மி.கி. வரை பெரியவர்களுக்குச் சீட்டு இல்லாமலும், மருந்தாளரிடம் பேசி வாங்கலாம். உங்கள் தெருவில் அதற்கு வெளியே விற்பதெல்லாம் சட்டவிரோதம்.

16 நவம்பர் 2025

வரி வருகிறது, அதனால் மார்ச்சில் சொன்ன கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2026 அக்டோபர் 1 முதல் வேப் லிக்விட் எல்லாவற்றுக்கும் 10 மி.லி.க்கு 2.20 பவுண்டு தீர்வை. நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அதன் மேல் வாட் சேர்த்தால் 2.64. ஆக, ஆன்லைனில் 2 பவுண்டுக்கு விற்கும் பாட்டில் 4.64 ஆகும், கடையில் 4 பவுண்டு என்பது 6.64 ஆகும். வித்தியாசம் அதே 2 பவுண்டுதான், ஆனால் “இரட்டை விலை” என்று இனி சொல்ல முடியாது. எங்கே வாங்கினாலும் வரி ஒன்று என்பதால் ஆன்லைனின் கவர்ச்சி கொஞ்சம் குறையும்.

ஷார்ட்ஃபில், அதாவது நிக்கோட்டினை நாமே கலக்க இடம் விட்டு வரும் பெரிய பாட்டில், வாங்குகிறவர்களுக்குத்தான் பெரிய அடி. 50 மி.லி. நிக்கோட்டின் இல்லாத லிக்விட், கூட 18 மி.கி. நிக் ஷாட் (நிக்கோட்டின் உள்ள குட்டி பாட்டில்) ஒன்று 10 மி.லி., கலந்தால் 60 மி.லி., 3 மி.கி. வரும். இதுவரை மலிவான வழி இதுதான். இனி அந்த 60 மி.லி.க்கு வரி மட்டுமே வாட்டோடு 15.84 பவுண்டு. பெரிய டேங்க் வைத்திருப்பவர்கள் இப்போதே சின்ன பாடுக்கு மாறிப் பாருங்கள். அதிக மி.கி., குறைந்த லிக்விட். புகை குறையும், அவ்வளவுதான்.

எனக்கு உண்மையான கவலை வேறு. வரி ஏறினால் கவுண்டருக்குக் கீழே இருக்கும் அந்தப் பெட்டிக்கு ஆள் கூடும். வரி கட்டியதற்கு ஸ்டாம்ப் ஒட்டப் போகிறார்கள். 2027 ஏப்ரல் 1க்கு மேல் ஸ்டாம்ப் இல்லாமல் எதுவும் விற்கக் கூடாது. அதற்கப்புறம் அடையாளம் பார்ப்பது சுலபம், ஸ்டாம்ப் இல்லையா, வாங்காதீர்கள்.

19 நவம்பர்

“இப்பவே பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கிவிட்டேன்” என்கிறார் வெம்ப்ளி நண்பர். பாட்டிலில் தேதி பாருங்கள், திறந்தால் நிறம் கறுக்க ஆரம்பிக்கும், ருசியும் போகும். அதைவிட முக்கியம், வீட்டில் குழந்தை இருக்கிறதா? அத்தனை நிக்கோட்டினை எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். குழந்தை ஒரு மிடறு குடித்துவிட்டால் உடனே அவசர எண் 999க்குப் போன். அதோடு, ஒரு வருடச் சரக்கை அடுக்கி வைத்திருப்பவர் அளவைக் குறைக்க நினைப்பாரா? 20 மி.கி. பெட்டி தீரும் வரை 20தான் பிடிப்பார்.

11 ஜனவரி 2026

அளவைக் குறைப்பது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். நான் செய்ததைச் சொல்கிறேன், டாக்டர் சொன்னது கிடையாது. 20லிருந்து 10க்கு ஒரேயடியாகத் தாவவில்லை. பகலில் 10, எழுந்ததும் சாப்பாட்டுக்குப் பின்னும் 20 என்று இரண்டு பாடாக வைத்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் 20 பாடைத் தேடுவது தானாகக் குறைந்தது. சிகரெட் ஆசை தலைகாட்டினால் அளவைத் திரும்ப ஏற்றுங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சிகரெட்டுக்குத் திரும்பாமல் இருப்பதுதான் முதல் காரியம்.

இதற்கும் கடை உதவும். 10 மி.கி. ஒரே ஒரு பாட்டில் வாங்கிப் பார்க்கலாம். ஆன்லைனில் தபால் செலவு மிச்சமாகும் என்று பத்துப் பாட்டில் போடச் சொல்லும்.

25 ஜனவரி 2026

லெஸ்டரிலிருந்து ஒரு அம்மா: “மகன் சிகரெட்டை விடுகிறேன் என்கிறான். அவன் பிறந்தநாளுக்கு ஆன்லைனில் நல்லதாக ஒன்று வாங்கி அனுப்பலாமா?”

அனுப்ப வேண்டாம் அம்மா. உங்கள் மகன் எத்தனை பிடிக்கிறார், எப்போது பிடிக்கிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது, உங்களிடம் முழுசாகச் சொல்லவும் மாட்டார். தப்பான மெஷின் வந்தால் இரண்டு நாளில் ஓரங்கட்டிவிடுவார். அந்தப் பணத்தை அவர் கையில் கொடுத்து, வேப் மட்டும் விற்கும் ஒரு கடைக்குச் சனிக்கிழமை போகச் சொல்லுங்கள். அன்று கூட்டமாக இருந்தால் மறுநாள் காலையில் போகட்டும், கடைக்காரருக்குப் பேச நேரம் இருக்கும். அதற்கு முன் லெஸ்டரின் புகை நிறுத்தச் சேவைக்கு ஒரு போன் போட்டு, இலவசக் கிட் கிடைக்குமா என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள்.

ஒரு மாதம் கழித்து எந்த காயில், எந்த லிக்விட் என்று அவருக்கே பிடிபட்டுவிடும். அப்போது அந்த லிக்விடை ஆன்லைனில் ஒரு ஐந்து பாட்டில் நீங்கள் வாங்கி அனுப்பலாம்.